தலைக்கவச இன்டர்காம்: இருவருக்கு எது, குழுவுக்கு எது? குமரி மாவட்டச் சாலைகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வாரம் இருமுறை பைக்கில் சென்றுவரும் உறவினர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தலைக்கவசத்தில் பொருத்திக்கொண்டு, ஓட்டும்போதே ஒருவரோடொருவர் பேச உதவும் இன்டர்காம் மூவாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, முப்பதாயிரத்திற்கும் கிடைக்கிறது. இரண்டும் பேசத்தானே உதவுகின்றன, எதை வாங்குவது என்பதே அவருடைய குழப்பம். இதே கேள்வியைக் கணவனும் மனைவியுமாக ஒரே வண்டியில் போகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து வண்டிகளாகப் பேச்சிப்பாறைக்குப் போகும் இளைஞர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுள் பலர் இன்றும் தலைக்கவசத்திற்கும் கன்னத்திற்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டுதான் பேசுகிறார்கள். அழுத்தத்தில் போன் நழுவும்போது கை தானாக அதைப் பிடிக்கப் போகிறது. வண்டி அந்த ஒரு நொடியில் நம் கையில் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு பல வண்டிகளை வலைபோல இணைக்கும், விலை உயர்ந்த மெஷ் கருவி தேவையில்லை. நல்ல ப்ளூடூத் இன்டர்காம் ஒன்றும், அதை ஒழுங்காகப் பொருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுதும் போதும். மெஷ் மட்டுமே கைகொடுக்கும் சூழல்களும் உண்டு. அவை எவை என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

எத்தனை பேருடன், எங்கே இருந்துகொண்டு பேசப் போகிறோம் என்பதுதான் முதல் அளவுகோல். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் அரை மீட்டர் தொலைவில் இருக்கிறார். அவருடன் பேசுவதற்கு ஒரு கிலோமீட்டர் எட்டும் கருவிக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

இரண்டாவது அளவுகோல் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போய்வருபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில், இரு பக்கமும் குன்றுகள் நெருங்கி நிற்க, தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிக்குள் புகுந்து வேகமெடுக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நிற்பதன் காரணமும் அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வண்டியையே பக்கவாட்டில் தள்ளும் காற்று, மைக்கிற்குள் புகுந்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. ஆகவே ஒரு கருவியை நகருக்குள் ஓட்டிப் பார்த்து மதிப்பிடக் கூடாது. கணவாயில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிலத்தின் அமைப்பு. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. அந்த அலை பாறையைச் சுற்றி வளைந்து போகாது, ஈரமான இலைகளின் ஊடே செல்லும்போது வலுவிழக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1,000 மீட்டர் என்பது ஒருவரை ஒருவர் தடையின்றிப் பார்க்கக்கூடிய வெட்டவெளிக்கான கணக்கு. மணக்குடியை ஒட்டிய கடற்கரைச் சாலையில் அதில் பெரும்பகுதி கிடைக்கக்கூடும். குலசேகரத்தைத் தாண்டி ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கோதையாறு நோக்கி ஏறும் சாலையில், இரண்டு திருப்பங்களுக்கு அப்பால் போனவருடைய குரல் அறுந்துவிடும்.

நான்காவது, மழையும் உப்பும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவங்களிலும் மழை பெறும் மாவட்டம் இது. ஆண்டில் பாதி மாதங்கள் கருவி நனையும். ஐபி67 என்ற தரக்குறியீடு, தூசி புகாது என்பதையும், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதையும் குறிக்கிறது. ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களின் கருவிகள் கெடுவதற்கு முதல் காரணம் மழை அன்று, சார்ஜ் போடும் துளையில் படியும் உப்பு.

ஐந்தாவதாகத் தலைக்கவசத்தைச் சொல்கிறேன் என்றாலும் செலவு செய்யும் வரிசையில் அதுவே முதலாவது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள தலைக்கவசங்களை மட்டுமே விற்க வேண்டும் என்ற ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கான தரநிலை ஐஎஸ் 4151. சாலையோரத்தில் வாங்கிய, முத்திரை இல்லாத ஒன்றை அணிந்திருப்பவர் இன்டர்காமுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் நல்ல தலைக்கவசம் வாங்கட்டும். முழு முகத்தையும் மூடும் வகையில் மைக் தாடைப் பகுதிக்குள் காற்றுக்கு மறைவாக இருக்கும். முகம் திறந்த வகையில், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும், மைக் காற்றில்தான் நிற்கும்.

## காதில் செருகும் இயர்போன்

செலவே இல்லை என்பதால் பலரும் இதில் தொடங்குகிறார்கள். தலைக்கவசத்தை மாட்டும்போதும் கழற்றும்போதும் இது இடம் மாறும். ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும். காதை அடைத்துக்கொள்வதால் பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் மங்கலாகவே கேட்கும். கீழே விழுந்தால், காதுக்குள் இருக்கும் கடினமான பிளாஸ்டிக் துண்டின் மேல் தலைக்கவசம் அழுந்தும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவரிடம் பேசவும் இதனால் முடியாது. இதை ஒரு தேர்வாக நான் கருதவில்லை.

## போனுக்கு மட்டுமான ப்ளூடூத் ஹெட்செட்

இரண்டு மெல்லிய ஸ்பீக்கர்களும் ஒரு மைக்கும் கொண்ட இந்த வகை, ஏறத்தாழ ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அழைப்பை எடுக்கலாம், வழிகாட்டும் குரலைக் கேட்கலாம், பாட்டுக் கேட்கலாம். வேறொரு தலைக்கவசத்துடன் நேரடியாக இணையாது.

தனியாக ஓட்டுகிறவருக்கு, அதுவும் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருவது போன்ற குறுகிய பயணங்களுக்கு, இது போதும். திருவனந்தபுரம் போய்வரும் என் உறவினருக்கு நான் பரிந்துரைத்ததும் இதையே. அவருக்குத் தேவைப்பட்டது அலுவலக அழைப்பும் வழிகாட்டுதலும் மட்டும். இதன் மறைந்த செலவு, ஒலி அளவு குறைவு என்பது. வேகம் கூடியதும் ஒன்றும் கேட்கவில்லை என்று முழு அளவில் வைத்து ஓட்டுவதால், காற்றின் இரைச்சலோடு ஸ்பீக்கரின் ஒலியும் சேர்ந்து காதைப் பாதிக்கும். 80 டெசிபெல் அளவை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதே காதுக்குப் பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்திற்குள் எழும் காற்றின் ஓசை மட்டுமே அந்த அளவைத் தாண்டிவிடும்.

## ப்ளூடூத் இன்டர்காம்

இதுதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும் நடுவழி. ஒரு கருவி மூவாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை விற்கிறது. இருவருக்கு இரண்டு வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் மறக்கக் கூடாது. கருவிகள் ஒன்றோடொன்று சங்கிலிபோல இணைகின்றன: முதலாமவர் இரண்டாமவரோடு, இரண்டாமவர் மூன்றாமவரோடு. இருவருக்கு இதில் குறையே இல்லை. மூவர் ஆகும்போதுதான் சங்கிலியின் இயல்பு தெரியும்.

ஒரு முறை நாங்கள் மூன்று வண்டிகளில் திற்பரப்பு வழியாகப் பேச்சிப்பாறைக்குப் போனோம். இணைப்பில் நடுவில் இருந்த நண்பர் பெட்ரோல் போட நின்றார். அவர் நின்றது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர் வழியாகத்தான் எங்கள் குரல்களும் போய்க்கொண்டிருந்தன. முன்னால் போனவர் நான் பேசவில்லை என்று நினைத்தார், நான் அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். அணைக்கட்டில் போய் நின்றபிறகுதான் விவரம் புரிந்தது. அதன்பின், இணைப்பு வரிசையில் நடுவில் இருப்பவர் சாலையிலும் நடுவிலேயே ஓட்ட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். மூன்று பேருக்கு அந்த விதி போதுமானது. நான்கு பேரானால் அதைக் காப்பாற்றுவது கடினம்.

மறைந்த செலவுகள் இங்கே அதிகம். மலிவான கருவிகளில் மின்கலத்தை மாற்ற முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்ததும் கருவியையே மாற்ற வேண்டும். மைக்கின் மேலுள்ள பஞ்சு உறை தொலைந்தால் காற்றிரைச்சல் இரட்டிப்பாகும், ஆனால் அது தனியாக எளிதில் கிடைப்பதில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளையும் இணைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். உண்மையில் அப்படி இணைக்கும்போது ஒரு கருவி மற்றொன்றைப் போன் என்று எண்ணிக்கொண்டு, போனுக்கான இடத்தை அதற்குக் கொடுத்துவிடுவதே வழக்கம். வழிகாட்டும் குரல் அதனால் நின்றுபோகும். எனவே சேர்ந்து ஓட்டும் இருவரும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியை வாங்குவது நல்லது. இரண்டு சேர்ந்த பெட்டியாக வாங்கினால் விலையும் குறையும்.

கணவன் மனைவியாக ஒரே வண்டியில் போகிறவர்களுக்கும், இரண்டு வண்டிகளில் பேச்சு நின்றுவிடாமல் போகும் நண்பர்களுக்கும் இதுவே சரி. பின்னால் அமர்பவர் முகம் திறந்த தலைக்கவசம் அணிபவராயின், வளையும் தண்டுள்ள மைக் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

## மெஷ் இன்டர்காம்

மெஷ் முறையில் சங்கிலி இல்லை, வலை இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் அருகிலுள்ள எல்லாக் கருவிகளோடும் தொடர்பு வைத்து, குரலைக் கைமாற்றி அனுப்புகிறது. ஒருவர் பின்தங்கினால் மற்றவர்களின் பேச்சு அறுவதில்லை. அவர் திரும்பி வந்ததும் தானாகவே சேர்ந்துகொள்கிறார். நான் மேலே சொன்ன பேச்சிப்பாறைக் குழப்பம் இதில் நேராது.

கார்டோ நிறுவனத்தின் மெஷ் முறை 15 பேர் வரை இணைக்கிறது. சேனாவின் மெஷ் முறையில் தனிக்குழுவாக 24 பேர் வரை சேரலாம். ஆறு பேராவது இடைவெளிவிட்டு ஓட்டினால் மொத்த எல்லை 8 கிலோமீட்டர் வரை நீளும் என்பது சேனா சொல்லும் கணக்கு, அதுவும் வெட்டவெளிக்கானது. பெங்களூரைச் சேர்ந்த புளூஆர்மர், ரைட்கிரிட் என்ற பெயரில் தனக்கென ஒரு மெஷ் முறையை வைத்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனி மொழி பேசுபவை. ஒரு நிறுவனத்தின் மெஷ் இன்னொன்றின் மெஷ்ஷோடு நேரடியாகச் சேராது. குழுவில் எட்டுப் பேர் ஒன்றை வாங்கிவிட்ட பிறகு ஒன்பதாமவருக்குத் தேர்வுரிமை இல்லை என்பதே இதன் பெரிய மறைமுகச் செலவு.

வெளிநாட்டு நிறுவனங்களின் மெஷ் கருவி ஒன்று இருபதாயிரத்திலிருந்து முப்பத்தைந்தாயிரம் வரை ஆகும். வளைகுடாவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கினால் விலை குறையும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். குறையலாம், ஆனால் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மெஷ்ஷில் பேசும்போது மின்கலமும் வேகமாகத் தீரும்.

நான்கு வண்டிகளுக்கு மேல் அடிக்கடி சேர்ந்து போகிறவர்களுக்கும், மலைச் சாலைகளில் குழுவை வழிநடத்துகிறவர்களுக்கும் இது செலவுக்குத் தக்க பயன் தரும். கோதையாறு போன்ற இடத்தில் முன்னால் போகிறவர் எதிரே வரும் தோட்ட லாரியைப் பற்றிச் சொல்ல, இடையிலுள்ள வண்டிகள் அந்தக் குரலைத் திருப்பம் திருப்பமாகக் கடத்திப் பின்னால் கொண்டுவருகின்றன. இரண்டு பேருக்கு மெஷ் வாங்கினால் கைமாற்ற இடையில் ஆளே இல்லை. பாறை மறைத்தால் ப்ளூடூத்தைப் போலவே அதுவும் அறும்.

## உள்ளேயே பொருத்தி வரும் தலைக்கவசம்

கம்பி தெரியாது, பொருத்தும் வேலை இல்லை, எடை சமநிலையில் இருக்கும். ஆனால் தலைக்கவசத்தின் ஆயுளும் மின்னணுக் கருவியின் ஆயுளும் வேறு வேறு. ஒரு முறை பலமாகக் கீழே விழுந்தால் தலைக்கவசத்தை மாற்றியாக வேண்டும். அப்போது நல்ல நிலையில் உள்ள கருவியும் சேர்ந்து போகும். கருவி பழுதானால் சர்வீசுக்குத் தலைக்கவசத்தையே அனுப்ப வேண்டும், அந்த நாட்களில் எதை அணிவது? வியர்வையும் ஈரமும் மிகுந்த நம் ஊரில் உள்ளுறையைக் கழற்றித் துவைக்க முடியுமா என்பதும் முக்கியம். ஒரே ஒரு தலைக்கவசத்தை மட்டும் பயன்படுத்துகிற, பொருத்தும் வேலையில் கை வராதவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

| வழி | எத்தனை பேர் | கணவாய்க் காற்றில் | மலைத் திருப்பங்களில் | யாருக்கு |
|---|---|---|---|---|
| போன் ஹெட்செட் | ஒருவர் | சுமார் | பொருந்தாது | தனியாக வேலைக்குப் போய்வருபவர் |
| ப்ளூடூத் இன்டர்காம் | 2, வரிசை காத்தால் 3 | மைக் மறைவாக இருந்தால் நன்று | அறும் | ஒரே வண்டியில் இருவர், இரு வண்டிகள் |
| மெஷ் | 4 முதல் | நன்று | இடையில் வண்டிகள் இருந்தால் தாங்கும் | குழுவாக ஓட்டுபவர் |
| உள்ளமைந்தது | மாதிரியைப் பொறுத்தது | நன்று | மாதிரியைப் பொறுத்தது | ஒரே தலைக்கவசம் வைத்திருப்பவர் |

## சட்டம் குறித்து

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாகக் குறிப்பிடுகிறது. தலைக்கவசத்தில் பொருத்திய இன்டர்காம் கையில் பிடிப்பது அன்று. ஆனாலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கேமராவும் இன்டர்காமும் ஒன்றாக இணைந்த கருவிகளும் விற்பனையில் இருக்கின்றன. தலைக்கவசத்தில் கேமரா பொருத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுப்பதாகக் கேரள மோட்டார் வாகனத் துறை 2022-இல் அறிவித்தது. களியக்காவிளையைத் தாண்டி அடிக்கடி போகிறவர்கள் கேமரா இல்லாத கருவியையே வாங்குவது நிம்மதி.

## பொருத்தும் வேலை

கருவி சரியில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், கருவியில் எந்தக் குறையும் இல்லை. ஸ்பீக்கர் காதுக்கு நேராக இல்லை, அவ்வளவுதான். ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் ஒலி பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். தலைக்கவசத்தில் காதுக்கென விடப்பட்ட குழியின் நடுவில் ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பலருக்குக் காது அந்தக் குழியின் மேல் முன்பகுதியில்தான் வருகிறது. முதலில் ஸ்பீக்கரை ஒட்டாமல் வைத்து, தலைக்கவசத்தை அணிந்து, ஒரே பாட்டை ஒரே அளவில் ஒலிக்கவிட்டு, சிறிது சிறிதாக நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் ஒலி திடீரெனத் தெளிவாகிறதோ அதுவே இடம். குழி ஆழமாக இருந்தால், பெட்டியில் வரும் பஞ்சு வட்டங்களைப் பின்னால் வைத்து ஸ்பீக்கரைக் காதருகே கொண்டுவரலாம். ஆனால் காதைத் தொடக் கூடாது.

இடம் போதவில்லை என்று உள்ளிருக்கும் தெர்மாகோலைக் கத்தியால் செதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடி விழும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். அதைத் தொடவே கூடாது. மெல்லிய ஸ்பீக்கர் உள்ள வேறு கருவியைத் தேடுங்கள்.

மைக் உதட்டின் ஓரத்திற்கு மிக அருகில், குறியிட்ட பக்கம் வாயை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டு எதிர்முனையில் கேட்கவில்லை என்று சொல்வது மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை. கம்பிகளை உள்ளுறைக்கு அடியில், மடிப்பு விழாமல் ஓட்டுங்கள்.

கருவியை இடப்பக்கத்தில் பொருத்துவது வழக்கம், வலக்கை ஆக்சிலேட்டரில் இருப்பதால். கிளாம்ப், ஒட்டுப்பட்டை என இரு வகை இருந்தால் கிளாம்ப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்; நம் வெயிலில் ஒட்டுப்பட்டையின் பசை இளகும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தலைக்கவசத்தின் வெளி ஓட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுத்தி ஒட்டி, ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்களுக்கு இடக்கையில் இருப்பது கிளட்ச் அன்று, பின்பக்க பிரேக். பொத்தானை அழுத்த இடக்கையை எடுக்கும் நேரத்தில் பிரேக் பிடிக்க ஆளில்லை. ஒலி அளவு, இணைப்பு எல்லாவற்றையும் வண்டி நகரும் முன்பே முடித்துவிட வேண்டும்.

இணைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் செயலி வழியாகக் கருவியின் மென்பொருளைப் புதுப்பித்து, பழைய இணைப்புகளை அழித்துவிடுங்கள். அடுத்து ஒவ்வொருவரும் தத்தம் போனை இணைக்க வேண்டும். கடைசியாகவே கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் சில கருவிகள் இன்டர்காமைத் துண்டித்துவிட்டுப் போனைப் பிடித்துக்கொள்ளும். போனில் ஒலியை முழுமையாக வைத்து, கூட்டுவதும் குறைப்பதும் கருவியிலேயே நடக்கட்டும். பேசத் தொடங்கியதும் தானாகவே தொடர்பு திறக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுவது நல்லது. கணவாயில் காற்றையே குரல் என்று எண்ணி அது திறந்துகொண்டே இருக்கும்.

பிறகு வீட்டு வாசலில் ஒரு முறை, பார்வதிபுரம் மேம்பாலத்தில் மிதமான வேகத்தில் ஒரு முறை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு முறை எனப் படிப்படியாகச் சோதியுங்கள். மூன்றாவது சோதனையில் பேச்சு புரிந்தால் கருவி தேறிவிட்டது. புரியாவிட்டால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும் முன் மைக்கின் இடத்தை இரண்டு முறையாவது மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடற்கரைச் சாலையில் போய் வந்த அன்று, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கருவியைத் துடைத்து, உலர்ந்த பிறகே சார்ஜ் துளையின் மூடியைத் திறக்க வேண்டும்; ஈரத்தோடு சார்ஜ் போட்ட கருவிகளில் அந்தத் துளையின் ஊசிகள் பச்சை பூத்து நிற்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அடைமழை நாட்களில் வண்டியை எடுக்காமல் வாரக்கணக்கில் வைத்துவிடுகிறவர்கள், மின்கலத்தை முழுவதும் தீரவிடாமல், பாதி அளவில் நிறுத்தி, தலைக்கவசத்தை வெயில் படாத இடத்தில் வைத்து, மாதம் ஒரு முறை மீண்டும் பாதி அளவுக்குச் சார்ஜ் ஏற்றினால் போதும்.